நவரட்ணம் பிடித்த விரதம்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எழுத்தில் பிழை இருந்தால் படித்தவர்கள் திருத்தி வாசித்துக்கொள்ளட்டும். ஆனால் கனடாவில், ஸ்காபரோவில் மூன்று சாப்பாட்டுக் கடை போட்டு மூன்றையும் இன்றுவரை நடத்துகிற சிவபாதம் யார் என்று கேட்டால் கென்னடி வீதியில் சின்னப்பிள்ளையும் கை காட்டும். பட்டதாரிகள் என்னிடம் வெங்காயம் உரித்திருக்கிறார்கள். ஸ்ரௌவ்வில்லில் நான் கட்டுவித்த வீட்டைப் பார்க்கவென்றே சனம் காரை மெதுவாக ஓட்டிப்போகும். எல்லாம் இந்த இரண்டு கையால் வந்தது.

இது என் கதை அல்ல. என் முதல் கடையில் இருபத்திரண்டு வருடம் அடுப்படியில் நின்ற நவரட்ணத்தின் கதை. அவனைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை, ஆனபடியால் நான் எழுதுகிறேன்.

சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு படுக்கையறை வீட்டில் ஏழு ஆம்பிளைகள் படுத்தெழும்பிய காலத்தில் அவனும் நானும் அதில் இரண்டு பேர். என்னைவிட பதினொரு வயது இளையவன். சமையல் முறை வரும்போது மற்றவர்கள் ஓவர்டைம் என்று சொல்லி ஒளித்துவிடுவார்கள். நவரட்ணம் ஒளிக்கமாட்டான். ஒரு கோழியை ஏழு பேருக்கு இரண்டு நேரம் வரப்பண்ணுவான். நான் கடை திறந்தபோது முதலில் கூப்பிட்டது அவனைத்தான். அவனுடைய கையை விட நாக்குத்தான் எனக்கு வேண்டியிருந்தது.

கடையில் ஒரு நாளைக்கு இருபத்தெட்டுச் சட்டி இறங்கும். அத்தனைக்கும் உப்புப் பார்ப்பது நவரட்ணம் ஒருவனே. அகப்பையால் அள்ளி உள்ளங்கையில் விட்டு நக்குவான். ஒரு கணம் கண்ணை மூடுவான். பிறகு "இறக்குங்கோ" என்பான், இல்லாவிட்டால் ஒரு பிடி அள்ளிப் போட்டுக் கிளறி மறுபடியும் நக்குவான். வேறு யாராவது உப்புப் பார்த்த நாளில் வாடிக்கையாளர் போன் எடுத்துக் கேட்பார்கள், நவரட்ணம் இன்றைக்கு லீவோ என்று.

அவன் இருந்து சாப்பிட்டதை நான் கண்டதில்லை. பின்னேரம் நாலு மணிக்குச் சனம் குறைந்த பிறகு, விற்காமல் கிடக்கிற ரோல்ஸ் இரண்டு, கொத்துரொட்டி மிச்சம், அதற்கு மேலே கருவாட்டுப் பொரியலும் ஊறுகாயும். நின்றபடியே முடித்துவிடுவான். தண்ணீர் குடிக்கமாட்டான். எங்கள் கடையில் கழிவறை கீழே நிலவறையில் இருந்தது, பதினெட்டுப் படி. போய்வருகிற நேரத்தில் ஒரு சட்டி அடிப்பிடித்துவிடும் என்பான். தாகத்துக்கு சோடா. கொத்துத் தகடு அடித்து அடித்துத் தோள் நொந்தால் நோக்குளிசை, ஒரு நாளைக்கு நாலு, சில நாள் ஆறு.

என்னிடம் வேலை செய்தவன் பட்டினி கிடந்தான் என்று யாரும் சொல்ல முடியாது. வேலைக்கு நிற்கிற எல்லோருக்கும் சாப்பாடு சும்மா. அதை அன்றும் பெருமையாகச் சொன்னேன், இன்றும் சொல்லுகிறேன். ஆனால் நவரட்ணம் என் கடையில் என்ன சாப்பிட்டான் என்று பின்னர் ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளை எழுதியெடுத்தபோது, அது வாசிக்க நன்றாக இருக்கவில்லை.

ஐம்பத்தாறு வயதில் அவனுக்குக் கால் வீங்கியது. நின்று வேலை செய்தால் வீங்கத்தான் செய்யும் என்று சொல்லி, ஒரு அளவு பெரிய சப்பாத்து நானே வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வருடம் முகமும் வீங்கியது. டொக்டரிடம் போனபோது பிரஷர் இருநூறைத் தாண்டி நின்றது. எத்தனை வருடமாக அப்படி நின்றதோ தெரியாது, அவன் ஒரு நாளும் பார்ப்பித்ததில்லை. சிறுநீரகம் நூற்றுக்கு முப்பதுதான் வேலை செய்கிறது என்றார்கள். நாலு வருடத்தில் அது பன்னிரண்டுக்கு இறங்கியது.

அவனுடைய பெண்சாதி கமலாம்பிகைக்கு ஒரு முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கிற பகுதியில் வேலை. டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் இருக்கிறார்கள். ஒரு மகள் கல்கரியில் கல்யாணம் கட்டிப் போய்விட்டாள். கமலம் அதிகம் கதைக்காத மனுசி. ஒரு நாள் வேலையால் வந்த உடுப்போடு கடைக்குள் வந்து, கல்லாவில் நின்ற என்னிடம் சொன்னாள்:

"அண்ணை, நான் குடுக்கிறன் எண்டு போய்ப் பாத்தனான். என்ர கிட்னி பொருந்துதாம்."

அடுப்படிக்குள் இருந்து நவரட்ணம் எட்டிப் பார்த்தான்.

"கேட்டியளே அண்ணை. கலியாணம் கட்டி முப்பது வருசத்தில எங்களுக்கு ஒண்டும் பொருந்தேல்லை. கடைசியா உது ஒண்டு பொருந்தியிருக்கு."

"உங்கட வாய்க்கு ஒரு மருந்தும் பொருந்தாது," என்றாள் கமலம்.

ஜனவரி மாதம் ஆப்பரேஷன் என்று நாள் வைத்தார்கள். டொக்டர் தெளிவாகச் சொன்னாராம்: அதுவரைக்கும் இருக்கிற பன்னிரண்டு வீதத்தையும் காப்பாற்றிக்கொண்டு வந்தால் இரத்தம் சுத்திகரிக்கிற மெஷினில் ஏறவே தேவையில்லை, நேரே பெண்சாதியின் சிறுநீரகத்தை வைத்துவிடலாம். அப்போது ஜூலை. ஆறு மாதம் தாண்டவேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

சாப்பாட்டுக்கு ஆலோசனை சொல்ல ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளை இருந்தாள், ஸ்ரீநிதி, தமிழ்நாட்டுப் பிள்ளை. முதல் நாள் அவனை நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன், ஆனபடியால் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"வாழைப்பழம் சாப்பிடுவீங்களா சார்?"

"இல்லைப் பிள்ளை. எனக்குப் பழமே பிடிக்காது."

"இளநீர்?"

"கடைக்கு வருகுது, நான் குடிக்கிறேல்லை."

"பால்?"

"தேத்தண்ணிக்கு ஒரு சொட்டு."

"ரொம்ப நல்லது. உப்புதான் உங்களுக்குப் பிரச்சனை. ஆனா இன்னொன்னு இருக்கு சார், பொட்டாசியம்னு. நல்ல கிட்னி அதை வெளிய தள்ளிடும். உங்களோடது தள்ளாது. ரத்தத்துல ஏறினா நேரா ஹார்ட்டைப் பிடிக்கும்."

தமிழிலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். உப்பு, கருவாடு, ஊறுகாய், நோக்குளிசை என்று ஒரு பக்கம். வாழைப்பழம், தோடம்பழம், தக்காளி, இளநீர், பால் என்று மற்றப் பக்கம். உருளைக்கிழங்கை வெட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு வேறு தண்ணீரில் அவிக்கவேண்டும் என்று அடியில் ஒரு குறிப்பு. அந்தத் தாளைக் கமலம் பிரிஜ் கதவில் ஒட்டினாள்.

நவரட்ணத்தைப் போல அந்தத் தாளைக் கடைப்பிடித்தவன் இருக்கமாட்டான். உப்புப் பார்க்கிற வேலையை விட்டுவிட்டு, கல்லாவில் என் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தான். ரோல்ஸ் தட்டு முகத்துக்கு முன்னால் போகும், தொடமாட்டான். வீட்டில் உப்பில்லாத சோறும் உப்பில்லாத முட்டைக்கோவாக் கறியும். ஒக்டோபரில் இரத்தம் பார்த்தபோது பன்னிரண்டு பன்னிரண்டாகவே நின்றது. டொக்டர் அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினாராம்.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். நான் முப்பத்தொரு வருடமாகக் கந்தசட்டி விரதம் பிடிக்கிறேன். தீபாவளி கழிய ஆறு நாள், சோறு இல்லை, கறி இல்லை, உப்பு இல்லை. பகலில் இளநீர். பொழுதுபட்டதும் பாலும் பழமும். ஏழாம் நாள் பாறணைச் சோறு. கடை திறந்த வருடம்கூட, கொதிக்கிற சட்டிகளுக்கு நடுவில் நின்று ஆறு நாளும் பிடித்தவன் நான். எனக்கு எழுபத்துமூன்று வயது. ஒரு குளிசை கிடையாது. என் வயதுக்காரர் தடி பிடித்து நடக்கிறார்கள், நான் இன்றைக்கும் அரிசி மூட்டை தூக்குவேன். கேட்கிற எல்லோரிடமும், கேட்காதவர்களிடமும், இது விரதத்தால் வந்த பலன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்க, கல்லாவில் இருந்தபடி நவரட்ணம் மெதுவாக ஒரு கதை தொடங்கினான்.

"அண்ணை, எனக்கு என்னைப் பற்றிப் பயமில்லை. அவளை வெட்டப்போறாங்கள். ஒரு வருத்தமும் இல்லாத மனுசியை எனக்காண்டிக் கிடத்தி வெட்டப்போறாங்கள். அதை நினைச்சாத்தான் நித்திரை வருகுதில்லை."

"முருகனிட்டை விடு," என்றேன்.

"அதுதான் யோசிக்கிறன். அவளுக்கு ஒண்டும் நடக்கக்கூடாதெண்டு நேர்ந்து, இந்த முறை கந்தசட்டி பிடிச்சா என்ன?"

எனக்கு மனம் நிறைந்துவிட்டது. இத்தனை வருடம் என்னோடு இருந்து ஒரு நாளும் விரதம் பிடிக்காதவன்.

"பிடியடா தம்பி. ஆறு நாள் உப்பே கிடையாது. உந்த டொக்டர்மார் சொல்லுறதைத்தானே எங்கட ஆக்கள் எப்பவோ செய்து வைச்சிருக்கினம். கிட்னிக்கு ஓய்வு குடுத்த மாதிரி."

"தாளில வாழைப்பழம் வேண்டாம் எண்டு கிடக்கு. இளநியும் போட்டிருக்கு."

"அது சாப்பாட்டுக்கு எழுதினது. விரதத்துக்கு ஆர் எழுதுறது? விரதத்தில எடுக்கிறது சாப்பாடெண்டு கணக்கோ? நான் முப்பத்தொரு வருசமா எடுக்கிறன், என்னைப் பார்."

நான்தான் சொன்னேன். வேறு ஆட்களின் தலையில் போட்டு எழுத எனக்கு வராது. அதோடு நிற்காமல், எனக்குச் சாமான் போடுகிறவனிடம் சொல்லி நல்ல இளநீராகப் பார்த்து இரண்டு பெட்டி எடுப்பித்து, டோர்செட் பார்க்குக்கு நானே கொண்டுபோய், பதினோராம் மாடிக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போய் இறக்கினேன். இலிப்ற் அன்று பழுது. பார்த்தியா, எழுபத்துமூன்று வயதில் பதினொரு மாடி என்று அவனுக்குச் சொல்லிக் காட்டினேன்.

தீபாவளி கழிந்து விரதம் தொடங்கியது, ஆறு நாள். பகலில் மூன்று இளநீர். பொழுதுபட நாலு வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் ஒரு பெரிய கப் பாலும். கமலமும் முகம் மலர்ந்து பரிமாறினாள். பிரிஜ் கதவில் அந்தத் தாள் அப்படியே இருந்தது. அதைத் திறந்துதான் பாலை எடுத்தாள்.

மூன்றாம் நாள் அவனுக்கு மாதா மாதம் எடுக்கிற இரத்தப் பரிசோதனை வந்தது. விரத நாளில் உடம்பில் ஊசி குத்தி இரத்தம் எடுப்பிக்கக் கூடாது என்று சொல்லி, கமலம் போன் எடுத்து அடுத்த கிழமைக்கு மாற்றினாள். என்னிடமும் கேட்டாள். "ஓம், மாத்து" என்றேன்.

ஐந்தாம் நாள் கால் பாரமாக இருக்கிறது என்றான். படியில் ஏறும்போது தொடையைக் கையால் தூக்கி வைத்தான்.

"பசிக் களை," என்றேன். "எனக்கும் முதல் வருசம் இப்பிடித்தான். ஆறாம் நாள் சரியாகிப்போம்."

ஆறாம் நாள் பின்னேரம் கோயிலில் சூரன் போர். கார்கள் நிற்கிற இடத்தை ஒதுக்கி, அதில்தான் சூரனை இழுத்து ஓடுவார்கள். குளிர் தொடங்கிவிட்டிருந்தது, சனம் ஜக்கெற்றுக்கு மேலே சால்வை கட்டிக்கொண்டு நின்றது. நவரட்ணம் எனக்கும் கமலத்துக்கும் நடுவில் நின்றான். வாயோரம் விறைக்கிறது என்றான். சூரனுடைய முதல் தலை விழுந்து மேளம் எழும்பியபோது அவன் என் தோளில் சாய்ந்தான். பக்தியில் சாய்கிறான் என்று நான் கையைப் போட்டு அணைத்தேன். அப்படியே கீழே போய்விட்டான்.

சனத்துக்குள் ஒரு தாதி நின்றபடியால் உடனே நெஞ்சை அமத்தத் தொடங்கினாள். ஆம்புலன்ஸ் வந்து ஷொக் கொடுத்தார்கள். இதயம் நின்றது பதினாலு நிமிடம் என்று பிறகு சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் தாளோடு ஓடிவந்தார். பொட்டாசியம் எட்டுக்கு மேலே நிற்கிறது, ஐந்துக்குக் கீழே நிற்கவேண்டியது, இவர் இன்று என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். கமலத்துக்கு அந்த அளவு இங்கிலீஷ் விளங்கும்.

"நத்திங்," என்றாள்.

"நேற்று?"

"நத்திங். சிக்ஸ் டேய்ஸ் நத்திங்."

டொக்டருக்குப் புரியவில்லை. ஆறு நாள் ஒன்றும் சாப்பிடாதவனுக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவும் என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடி கேட்டார். கமலம் என்னைப் பார்த்தாள்.

"சொல்லுங்கோ அண்ணை, நாங்கள் ஒண்டுமே குடுக்கேல்லை எண்டு."

அவள் பொய் சொல்லவில்லை. எங்கள் சனத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லும். நான் டொக்டரிடம் சொன்னேன்: பனானா. மில்க். கோக்கனற் வாட்டர். டேற்ஸ். எத்தனை என்று கேட்டார். எனக்குக் கணக்கு நன்றாக வரும், ஆறு நாளைக்கும் கூட்டிச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு போனார். கமலம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்றே கழுத்தில் குழாய் போட்டு மெஷினில் ஏற்றினார்கள். அவன் கண் விழிக்க ஐந்து நாள் சென்றது. பேச்சு வந்தது, ஞாபகம் வந்தது. சிறுநீரகத்தில் இருந்த பன்னிரண்டு திரும்பி வரவில்லை. இதயமும் முன்னைய பலத்துக்கு வரவில்லை, நாலில் ஒரு பங்குதான் இறைக்கிறது என்றார்கள்.

ஸ்ரீநிதி வார்டுக்கு வந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் கட்டிலின் காலடியில் நின்று சொன்னாள்:

"எல்லாம் கேட்டேன். விரதம் இருப்பீங்களான்னு கேக்கல. எங்க வீட்லயும் இருப்பாங்க. நான் கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தாலும் இல்லையெண்டுதான் சொல்லியிருப்பன் பிள்ளை," என்றான் நவரட்ணம். "அதுக்கு முதல் நான் ஒரு நாளும் பிடிக்கேல்லை."

என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கமலம் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. முன்னைப்போல அண்ணை என்றுதான் கூப்பிடுகிறாள். அது எனக்குச் சுகமாக இல்லை.

ஜனவரி ஆப்பரேஷனை நிறுத்திவிட்டார்கள். இந்த இதயத்தோடு அவ்வளவு நேரம் மயக்கத்தில் கிடத்த முடியாது என்றார்கள். இதயம் தேறுகிறதா என்று கோடையில் பார்ப்போம், தேறினால் மறுபடியும் நாள் வைப்போம் என்றும் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கமலம் எட்டு மாதம் இருந்தாள்.

கிழமையில் மூன்று நாள் அவனுக்கு மெஷின், ஒவ்வொரு முறையும் நாலு மணித்தியாலம். நான் கடையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு ஏற்றி இறக்கினேன். மெஷினால் வந்தால் அவன் அன்று முழுக்கப் படுக்கை. ஒரு நாளைக்கு மூன்று கோப்பை தண்ணீர்தான் குடிக்கலாம். இருபத்திரண்டு வருடம் தண்ணீர் குடிக்க மறந்தவன், இப்போது ஐஸ் கட்டி ஒன்றை வாயில் வைத்துக் கரையவிட்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

கமலம் தன் சிறுநீரகத்தைப் பொத்திப் பொத்திக் காத்தாள். தானும் உப்பை விட்டாள். தன்னுடைய வேலையிடத்துக் கன்ரீனில் வாங்கித் தின்கிற உருளைக்கிழங்குப் பொரியலை விட்டாள். தலையிடிக்குக்கூட குளிசை போடவில்லை. பின்னேரத்தில் பதினோராம் மாடி நடையில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நாற்பது தரம் நடந்தாள். "என்ன தங்கச்சி, உனக்கும் வருத்தமோ?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"உள்ளுக்கை இருக்கிறது அவரின்ர கிட்னியெல்லோ அண்ணை," என்றாள். "குடுக்கிற அண்டைக்குப் பழுதாக் கிடந்தா?"

ஓகஸ்டில் இதயத்தைப் படம் பிடித்தார்கள். முடிவு சொல்ல மூவரையும் கூப்பிட்டார்கள். பெரிய டொக்டர் அம்மா நல்ல மாதிரியாகத்தான் கதைத்தார். இதயம் இறைக்கிறது நூற்றுக்கு இருபத்தைந்தாக நின்றது இருபதுக்கு இறங்கிவிட்டது. இனி ஆப்பரேஷன் பட்டியலில் அவன் பெயர் இல்லை. மெஷின்தான், இதயம் தாங்குகிற வரைக்கும். கமலம் ஒன்றே ஒன்று கேட்டாள், என்னைக் கொண்டு இங்கிலீஷில் கேட்பித்தாள்: தன்னுடைய இரண்டு சிறுநீரகத்தையும் கொடுத்தால் சரிவருமா என்று. டொக்டர் அம்மா இல்லை என்று தலையை ஆட்டினார்.

மூவரும் காரில் திரும்பி வந்தோம். டோர்செட் பார்க்கில் அவர்களுடைய வீட்டுக்குள் போய் அவனைக் கதிரையில் இருத்தினேன். கமலம் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே அடுப்படிக்குப் போனாள். அரிசி கழுவுகிற சத்தம் கேட்டது. உருளைக்கிழங்கை வெட்டித் தண்ணீரில் போட்டாள்.

"கமலம்," என்றான் நவரட்ணம்.

"என்னப்பா?"

"இனி உனக்குத் தேவையில்லை. நீ உனக்கு உப்புப் போட்டுச் சமை."

அவள் கிழங்குத் தண்ணீரை ஊற்றினாள். குழாயைத் திறந்து வேறு தண்ணீர் பிடித்தாள்.

"ரெண்டு சட்டியை ஆர் கழுவுறது," என்றாள். "அண்ணையும் இருந்து சாப்பிட்டிட்டுப் போகட்டும்."

நான் இருந்தேன். மூன்று பேருக்கும் ஒரே சட்டியில் இருந்துதான் போட்டாள். நவரட்ணம் பாதியில் வைத்துவிட்டான். நான் என் தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டு முடித்தேன், கமலமும் முடித்தாள். பிறகு அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவத் தொடங்கினாள்.